நீதி கேட்பதும் செபமே

(பொதுக்காலம் 29-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – வானொலி மறையுரை)



அக்டோபர் மாதம் செபமாலை மாதம். மாலையில் கோவில் மணி அடித்ததும் மாதா கெபிக்கு முன்னால் முதலில் வந்து உட்காருகிறவர்கள் நம் பங்கின் பெரியவர்கள்தான். முழங்கால் மடங்குவதில்லை, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். கண் மங்கிவிட்டது; புத்தகம் பார்த்து வாசிக்க முடிவதில்லை. ஆனால் 53 மணியும் நம் விரல்களுக்குத் தெரியும். பல வீடுகளில் செபம் இன்னும் அணையாமல் இருக்கிறதென்றால், அங்கே அறுபதையும் எழுபதையும் தாண்டிய ஒருவர் இருக்கிறார் என்று பொருள்.

இதே வீடுகளில் இன்னொரு பேச்சும் நம் காதில் விழுகிறது. "உங்களுக்கு வயசாயிடுச்சு. இதுல எல்லாம் தலையிடாதீங்க. பேசாம ஒரு மூலையில உட்கார்ந்து செபமாலை சொல்லுங்க." சில நேரம் பாசத்தோடு சொல்கிறார்கள். சில நேரம் வாயை அடைப்பதற்காகச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு நாமே அதை நம்பத் தொடங்கிவிடுகிறோம். வயதானவரின் வேலை செபம். வீட்டுக் காரியம், சொத்துக் காரியம், ஊர் நியாயம் எல்லாம் மற்றவர் வேலை என்று நாமே நமக்கு ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம்.

செபம் என்பது பேசாமல் உட்காருவதற்கான மூலைதானா? இன்றைய மூன்று வாசகங்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அக்டோபர் முதல் நாளை உலக முதியோர் நாள் என்று ஐக்கிய நாடுகள் பொது அவை 1990-ஆம் ஆண்டு அறிவித்தது. ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். இந்த நாள்கள் நல்லவை. ஆனால் இன்றைய ஞாயிறுக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லாமலேயே, இறைவார்த்தை நம் வயதினரைப் பற்றித்தான் பேசுகிறது.

முதலில் நற்செய்தியைப் பார்ப்போம். லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரம். இயேசு இந்த உவமையை எதற்காகச் சொன்னார் என்பதை லூக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: மனம் தளராமல் எப்போதும் செபிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுப்பதற்காக. இப்படி ஒரு முன்னுரையைக் கேட்டதும் நாம் யாரை எதிர்பார்ப்போம்? கோவிலில் மணிக்கணக்காக முழந்தாளில் இருக்கும் ஒருவரை, அல்லது மலையில் தனித்திருக்கும் ஒரு துறவியை எதிர்பார்ப்போம். இயேசு நம்மை அழைத்துப் போவது ஒரு நீதிமன்றத்துக்கு. அங்கே ஒரு கைம்பெண் நிற்கிறார். அவர் கையில் மெழுகுவர்த்தி இல்லை. அவர் வாயில் ஒரே ஒரு கோரிக்கை. தன் எதிரியிடமிருந்து தனக்கு நீதி வேண்டும் என்கிறார். இன்று வருகிறார், நாளை வருகிறார், மறுநாளும் வருகிறார். எப்படிச் செபிக்க வேண்டும் என்று தம் சீடர்களுக்குக் காட்ட இயேசு தேர்ந்துகொண்ட ஆள் இவர்தான்.

இந்தக் கைம்பெண்ணின் வயதை நற்செய்தி சொல்லவில்லை. அவருடைய நிலைமை என்ன என்பதைப் பழைய ஏற்பாட்டிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம். எண்ணிக்கை நூல் 27-ஆம் அதிகாரத்தில், ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து யார் யாருக்குப் போகும் என்ற வரிசை இருக்கிறது. மகனுக்கு, மகன் இல்லையென்றால் மகளுக்கு, மகளும் இல்லையென்றால் சகோதரருக்கு, பிறகு தந்தையின் சகோதரருக்கு, பிறகு நெருங்கிய உறவினருக்கு. இந்த வரிசையில் மனைவி இல்லை. கணவன் போன பிறகு அந்தப் பெண்ணின் சோறும் கூரையும் மற்றவர்களின் நல்ல மனதைப் பொறுத்திருந்தன. அதனால்தான் கைம்பெண்ணையும் அநாதையையும் அந்நியரையும் திருச்சட்டம் திரும்பத் திரும்பச் சேர்த்தே சொல்கிறது. கைம்பெண்ணின் ஆடையை அடகாக வாங்கக்கூடாது என்று இணைச்சட்டம் தனியாக ஒரு கட்டளையே தருகிறது. அடகு வைக்க அவரிடம் ஆடையைத் தவிர வேறொன்றும் இருக்காது என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியும்.

அவருடைய எதிரி யார் என்றும் இயேசு சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகள் பல நேரம் வெளியூரிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே தொடங்குகின்றன என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நடுவரோ கடவுளுக்கு அஞ்சாதவர், மனிதரையும் மதிக்காதவர். இந்தப் பெண்ணிடம் பணம் இல்லை, கூட வர ஆள் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. இருப்பது இரண்டு கால்களும் ஒரு வாயும்தான். கடைசியில் நடுவர் இறங்கி வருகிறார். ஏன் இறங்கி வருகிறார் என்பதைச் சொல்ல லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் குத்துச்சண்டைக்காரர்களின் சொல். கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது அதன் நேர்ப்பொருள். யாருமில்லாத ஒரு கைம்பெண், பதவியில் இருக்கும் மனிதரின் கண்ணுக்குக் கீழே குத்து விட்டுவிடுவார் போலிருக்கிறது! இயேசு இதைச் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்போடு ஒரு செய்தியும் அவர்கள் மனதில் இறங்கியிருக்கும்.

அன்புக்குரியவர்களே, செபத்தை விளக்குவதற்கு இயேசு நீதி கேட்கும் ஒருவரைக் காட்டினார் என்றால், செபிப்பதும் நீதி கேட்பதும் அவருடைய பார்வையில் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல. கடவுளை நோக்கித் திறக்கும் அதே வாய்தான் நடுவரை நோக்கியும் திறக்கிறது. "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது விசுவாசத்தின் சொல். ஆனால் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதனால் நாம் பேசக்கூடாது என்று ஆகிவிடாது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதனால்தான் தைரியமாகப் பேசலாம்.

இங்கே நமக்கு ஒரு பெரிய தயக்கம் இருக்கிறது. "பெற்ற பிள்ளைமேல் புகார் சொல்வதா? ஊர் என்ன சொல்லும்? அவன் நல்லா இருந்தால் போதும். நான் எப்படியோ இருந்துவிட்டுப் போகிறேன்." இப்படிச் சொல்லும் தாய்மார் நம் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கிறார்கள். மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். கேட்டால், "வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்பார்கள். மகனை விட்டுக்கொடுக்காத அந்த மனம் பெரியது. அதை யாரும் குறைவாகப் பேசக்கூடாது. ஆனால் அந்த மௌனம் மகனுக்கு நன்மை செய்கிறதா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாய் தந்தையை மதித்து நட என்னும் நான்காம் கட்டளையை நாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சீனாய் மலையடியில் அதைக் கேட்டு நின்றவர்களில் குடும்பம் நடத்துகிறவர்களும் இருந்தார்கள். மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் இயேசு அந்தக் கட்டளையை எடுத்துப் பேசும்போது, வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை, என்று சொல்லிக் கையை விரித்துவிடும் பழக்கம் அன்று இருந்தது. இயேசு அதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். கோவிலுக்குக் காணிக்கை என்ற பெயரில்கூடப் பெற்றோரின் சோற்றை நிறுத்தக்கூடாது என்றால், வீட்டுக் கடன், கல்விக் கட்டணம், கார் தவணை என்ற பெயர்களில் நிறுத்தலாமா? பெற்றோரைப் பராமரிப்பது தயவு அல்ல, கட்டளை. ஆகவே தன் பங்கைக் கேட்கிற தாய் பிச்சை கேட்கவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கட்டளையை மறந்துவிட்ட மகனுக்கு அதை நினைவூட்டுகிறார். அதுவும் அவனுடைய ஆன்மாவுக்குத் தாய் செய்யும் சேவைதான்.

நம் நாட்டின் சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. தங்கள் வருமானத்தையோ சொத்தையோ கொண்டு வாழ முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமும் வயதுவந்த பேரப்பிள்ளைகளிடமும் பராமரிப்புக் கேட்க அது உரிமை தருகிறது. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தைப் பெறப்போகிற உறவினரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையில் இதற்குத் தீர்ப்பாயம் இயங்குகிறது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம்மால் போக முடியாவிட்டால் நாம் அதிகாரம் அளிக்கும் இன்னொருவரோ ஒரு அமைப்போ நமக்காக மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம் என்று அந்தச் சட்டம் வகுத்தது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போனதிலிருந்து 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது பொது விதி. இன்னொன்றையும் கவனியுங்கள். விசாரணைக்கு முன்பு தீர்ப்பாயம் சமரச அலுவலர் ஒருவரிடம் இரு தரப்பையும் அனுப்பிப் பேசிப் பார்க்க வைக்க முடியும். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரைப் பின்பற்றுகிற நமக்கு இந்த வழி புதிதல்ல. ஆலோசனை கேட்பதற்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. இதை இந்த வாரமே ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

சொத்துக் காரியத்தில் இன்னும் கவனம் தேவை. உயில் என்பது நம் காலத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருவது. உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம். தான செட்டில்மென்ட் பத்திரம் அப்படியல்ல; பதிவு செய்து கொடுத்துவிட்டால் வீடு கைமாறிவிடுகிறது. எழுதிக்கொடுத்தவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டவர் பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆகவே அன்போடு எழுதிக்கொடுப்போம்; ஆனால் பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்வோம். அது சந்தேகம் அல்ல, விவேகம்.

கணவரை இழந்த சகோதரிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணவர் உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகளும் இருந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மனைவிக்கு அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. மீதி இரண்டு பங்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். எண்ணிக்கை நூலின் வரிசையில் இல்லாத மனைவி, இந்த வரிசையில் இருக்கிறார். ஆனாலும் காரியம் முடிந்த சில நாள்களிலேயே ஒரு தாளை நீட்டி, "அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். பல நேரம் அது விடுதலைப் பத்திரம். தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு நம் பதிவு அலுவலகங்களில் அந்தப் பெயர். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல், துக்கத்தின் நடுவில், எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் மறையுரையில் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. விசுவாசம் இல்லாதவர்கள்தான் முணுமுணுப்பார்கள் என்று திருத்தூதர்கள் அவர்களை அதட்டவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள், நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், அவர்கள்மேல் கைகளை வைத்து மன்றாடினார்கள். முதல் மறைச்சாட்சியான ஸ்தேவான் அந்த எழுவரில் ஒருவர். திருச்சபையின் திருத்தொண்டர் பணிக்குத் தொடக்கமாக நாம் காட்டும் அந்த நிகழ்ச்சி, கைம்பெண்களின் சோற்றுக்கான ஒரு முறையீட்டில் பிறந்தது. கேட்டவர்களும் செபித்தார்கள், கேட்கப்பட்டவர்களும் செபித்தார்கள், நடுவில் பந்தி சரியானது.

நீதி வீட்டோடு முடிவதும் இல்லை. வீட்டில் நல்ல பிள்ளைகள் உள்ளவர்கள், "நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட முடியாது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் நடுவண் அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாயாகவும், 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாயாகவும் பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத்தான் கூடுதலாகக் கொடுக்கின்றன. வயலிலும் கடற்கரையிலும் கட்டட வேலையிலும் உழைத்து ஓய்ந்த உடலுக்கு ஒரு நாடு மாதம் 200 ரூபாய் என்று விலை வைப்பது நியாயமா? உவமையின் முடிவில் இயேசு, இரவும் பகலும் கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறவர்களைப் பற்றிப் பன்மையில் பேசுகிறார். ஒரு கைம்பெண்ணில் தொடங்கியவர் ஒரு கூட்டத்தில் முடிக்கிறார். தனக்காக மட்டும் கேட்பவர் சீக்கிரம் களைத்துப்போவார். பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் சேர்த்துக் கேட்பவர் மறுநாளும் எழுந்து போவார்.

களைப்பைப் பற்றித்தான் முதல் வாசகம் பேசுகிறது. இரபிதிமில் அமலேக்கியரோடு போர். யோசுவா கீழே போரிடுகிறார். மோசே குன்றின் உச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலர் வெல்கிறார்கள். கை தாழும்போது தோற்கிறார்கள். மோசேயின் கைகள் சோர்ந்துவிடுகின்றன. பார்வோனிடம் பேசப்போனபோதே அவருக்கு வயது 80 என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. அந்த வயதில் கையை எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க முடியும் என்று நமக்குத் தெரியாதா? சட்டையை மாட்டக் கையைத் தூக்குவதற்கே தோள்பட்டை வலிக்கிறது!

உடன் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? "உங்களால் முடியாது, போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள். பிறகு ஆரோன் ஒரு பக்கமும் கூர் மறு பக்கமுமாக நின்று அவருடைய கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். கதிரவன் மறையும்வரை அந்தக் கைகள் அசையவில்லை. நம் கோவிலில் பெரியவர்களுக்கென்று போடப்படும் நாற்காலியும் இந்தக் கல்லின் வரிசையில்தான் வருகிறது. வாசலில் ஒரு சரிவுப்பாதை, படியோரம் ஒரு கைப்பிடி, வயதானவருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி – இவையெல்லாம் அலங்காரம் அல்ல. ஒருவருடைய செபம் நின்றுவிடாமல் இருக்க நாம் கொண்டுவந்து போடும் கல்.

அந்தக் காட்சியில் நாம் எளிதாகக் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. மோசேக்கு 80 வயது என்று சொல்லும் அதே வசனம், ஆரோனுக்கு 83 வயது என்று சொல்கிறது. தாங்கியவர் தாங்கப்பட்டவரைவிட மூன்று வயது மூத்தவர்! பெரியவர்களைத் தாங்க இளைஞர்கள்தான் வர வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம். பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறோம். அலைபேசியை வைத்ததும் வீடு முன்பைவிட அமைதியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நம் கையைத் தாங்கக்கூடியவர் இரண்டு வீடு தள்ளி இருக்கும், நம்மைவிட மூத்த ஒருவராக இருக்கலாம். அவருடைய கையைத் தாங்க வேண்டியவர் நாமாகவும் இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை சிறியவைதான். அன்பியத்தில் தனியாக வாழும் பெரியவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, காலையில் ஒருவரையொருவர் அலைபேசியில் கூப்பிட்டு எழுந்துவிட்டோமா என்று கேட்டுக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் கதவைத் தட்ட ஆள் அனுப்பலாம். ரேஷன் கடையில் சிலருக்குக் கைரேகை விழுவதில்லை. மீன் அரிந்தும் கல் சுமந்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்துபோன விரல்கள் அவை. அப்படிப்பட்டவர் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க, விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போகலாம். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருவர் மனுவோடு போகும்போது, வெளியே பெஞ்சில் அவரோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் போதும். பாதிப் பயம் போய்விடும். முதல் வெள்ளியன்று வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்கள், அடுத்த வீட்டு நினைப்போடு நிற்காமல் அந்தக் கட்டிலின் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம். ஆண்டவர் வந்த வீட்டில் ஆளும் கொஞ்சம் தங்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் 1839-ஆம் ஆண்டு, 47 வயதான ஓர் ஏழைப் பணிப்பெண், பார்வையற்று ஆதரவின்றி இருந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அவர்தான் புனித ஜான் ஜுகான். பிறகு ஒவ்வொருவராக மூதாட்டியர் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் தெருவில் கையேந்திப் பிழைத்தவர்கள். ஜான் ஜுகான் அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு, அவர்களுக்குப் பதிலாகத் தாமே வீடு வீடாகப் போய்க் கையேந்தினார். சோர்ந்த கைகளைத் தாங்குவது என்றால் இதுதான். இப்படிப் பிறந்ததுதான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. இன்று நம் நாட்டிலும் அவர்களுடைய முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இரண்டாம் வாசகத்துக்கு வருவோம். பவுலடியார் சிறையில் இருந்துகொண்டு இளைஞரான திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். குழந்தைப் பருவம் முதலே மறைநூலை நீ அறிந்திருக்கிறாய், யாரிடம் கற்றாய் என்பதை நினைத்துப்பார் என்கிறார். யாரிடம் கற்றார்? அதே திருமுகத்தின் முதல் அதிகாரம் பெயரோடு சொல்கிறது: பாட்டி லோயி, தாய் யூனிக்கி. பெரிய மறைப்பணியாளராக வளர்ந்த ஒருவருடைய விசுவாசத்தின் வேரைத் தேடிப்போன பவுல், ஒரு பாட்டியின் மடியில் போய் நிற்கிறார்.

நம் பேரப்பிள்ளைகள் நம்மிடமிருந்து எதைக் கற்கிறார்கள்? செபமாலையைக் கற்கிறார்கள், நல்லது. நீதியையும் நம்மிடமிருந்து கற்க வேண்டாமா? நீதி கேட்கும் வாய் நீதி சொல்லவும் வேண்டும். நம் சொத்தைப் பிரிக்கும்போது, "பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே" என்று மகளை ஒதுக்கிவிட்டு, நமக்கு மட்டும் நீதி கேட்க முடியாது. நம்மைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிற மருமகளை வேலைக்காரி போலப் பேசிவிட்டு, வானகத் தந்தையிடம் இரக்கம் கேட்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் திருச்சபையில் இன்னும் சாதி இருக்கிறது. சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை இருக்கிறது. இன்னாரோடு விளையாடாதே, இன்னார் வீட்டில் சாப்பிடாதே என்று ஒரு குழந்தைக்குச் சொல்லும் குரல் பெரும்பாலும் வயதில் மூத்த குரல்தான். அதே மூத்த குரல் அதை நிறுத்தவும் முடியும். பேரன் ஒரு புது நண்பனை வீட்டுக்கு அழைத்துவரும்போது, "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று துருவாமல், "வா தம்பி, சாப்பிடு" என்று தாத்தா சொன்னால், அந்த வீட்டில் ஒரு சுவர் இடிந்துவிடும். திருவிழா வரி, சப்பரம் தூக்கும் உரிமை, ஊர்க்கூட்டம் ஆகியவற்றில் ஒரு பெரியவர் எழுந்து, "இது சரியில்லை" என்று சொன்னால், இளைஞர் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம். நமக்கு இழக்க இனி அதிகம் இல்லை. தேர்தலில் நிற்கப்போவதில்லை, பதவி உயர்வு வரப்போவதில்லை. இந்த விடுதலையைக் கடவுள் நமக்குச் சும்மா கொடுக்கவில்லை.

உவமையை இயேசு ஒரு கேள்வியோடு முடிக்கிறார். மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரா என்று கேட்கிறார். நாம் எத்தனை செபமாலை சொன்னோம் என்று அவர் எண்ணப்போவதில்லை. விசுவாசம் எப்படி இருக்கும் என்பதை அவரே முன்கூட்டிக் காட்டிவிட்டார். நேற்று கதவு திறக்கவில்லை என்பதற்காக இன்று வீட்டில் முடங்கிவிடாமல், மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படும் ஒரு பெண்ணின் உருவத்தில் அது இருக்கும்.

ஆகவே அன்புக்குரிய பெரியோரே, இந்த மாதம் செபமாலையை விடாமல் சொல்வோம். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். நமக்கு உரியதை மரியாதையோடு கேட்போம். இல்லாதவருக்கும் சேர்த்துக் கேட்போம். நாம் கொடுக்க வேண்டியதைத் தாமதிக்காமல் கொடுப்போம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளையோரே, உங்கள் வீட்டில் ஒரு கை உங்களுக்காக உயர்ந்திருக்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

மன்றாடுவோம். ஏழைக் கைம்பெண்களுக்கு நீதி வழங்கும் தந்தையே, எங்கள் கைகள் சோரும்போது தாங்குகிறவர்களை எங்களுக்குத் தாரும். பிறருடைய கைகள் சோரும்போது தாங்குகிறவர்களாக எங்களை ஆக்கும். கேட்பதற்குத் துணிவையும், கொடுப்பதற்கு மனதையும், காத்திருக்கும் நாள்களில் தளராத நம்பிக்கையையும் எங்களுக்கு அருளும். சிலுவையிலிருந்து தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்த உம் திருமகன் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.